பெயரின் அளவும் இடத்தின் அளவும்: வட சிலாங்கூர்த் தோட்டப் பெயர்களை முன்வைத்துச் சி நிரல்மொழியின் சர மேலாண்மை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சொல்லின் நீளம் எவ்வளவு என்னும் வினாவுக்குத் தமிழ் இலக்கண மரபு இரண்டு விடைகளை வைத்திருந்தது. எழுத்தை எண்ணிச் சொல்லுதல் ஒன்று. மாத்திரையை அளந்து சொல்லுதல் மற்றொன்று. கணினி வந்தபின் மூன்றாவதாகப் பைட்டு என்னும் அளவை சேர்ந்தது. முதல் இரண்டு அளவைகளையும் தமிழர் வகுத்தனர். மூன்றாவது அளவை தமிழை எண்ணாமல் வகுக்கப்பட்டது. தமிழ்ப் பெயர் ஒன்று படிவத்திலும் பட்டியலிலும் முழுமையாக நிற்குமா, பாதியில் வெட்டுண்டு போகுமா என்பதை இன்று பெரும்பாலும் இந்த மூன்றாவது அளவையே முடிவு செய்கின்றது.

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், சி நிரல்மொழியில் சரங்களைக் கையாளும் முறையும், அவற்றுக்கு வேண்டிய நினைவக இடத்தைத் தாமே பெற்று மேலாளும் துணைச் செயற்கூறுகளும் ஆகும். சரம் என்பது கணினி நினைவகத்தில் வரிசையாக வைக்கப்பட்ட எழுத்துத் தொடர். பொருள் தொழில்நுட்பம் சார்ந்தது எனினும், சான்றுகளை நாம் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தே எடுக்கின்றோம். அங்குள்ள பெயர்களே இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டுகின்றன.

1. தென்னமரம் என்னும் பெயர்

1917ஆம் ஆண்டு கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில், மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. அதனைத் தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கொன்னியே. மலாயாத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்ட புதினத்துக்காக 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே. செம்பனையின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இத்தோட்டத்தைக் குறிப்பிடுகின்றனர். அது தமிழ்ப் பெயர் என்பதையும், அதிலும் பேச்சுத் தமிழின் வடிவம் என்பதையும் சிலரே கவனிக்கின்றனர்.

எழுத்து வழக்கில் அது தென்னைமரம். பேச்சில் ஐகாரம் அகரமாகித் தென்னமரம் என நின்றது. உரோமன் எழுத்தில் பதிவானதும் அந்தப் பேச்சு வடிவமே. இரண்டு வடிவங்களையும் மூன்று அளவைகளாலும் அளந்து பார்ப்போம். தென்னமரம் ஆறு எழுத்து, ஐந்து மாத்திரை. தென்னைமரமும் ஆறு எழுத்து; இடையில் வரும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாவதால் அதுவும் ஐந்து மாத்திரை. நம் மரபின் இரு அளவைகளாலும் இவை சமம். ஆயினும் இன்று உலகெங்கும் வழங்கும் யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தில் முன்னது 27 பைட்டு, பின்னது 30 பைட்டு. உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட அதே தோட்டப் பெயர் 10 பைட்டில் அடங்குகின்றது.

இந்த வேறுபாட்டின் காரணம் எளியது. ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்து ஒற்றைக் குறியாக வைக்கப்படவில்லை. மெய்யின் வரிவடிவம் ஒரு குறியெண். அதன்மேல் ஏறும் உயிர்க்குறி வேறொரு குறியெண். புள்ளியும் தனிக் குறியெண். ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் யூ.டி.எஃப்-8இல் மூன்று பைட்டு கொள்கின்றது. தென்னமரம் என்பதில் ஒன்பது குறியெண்கள் உள்ளன. ஆகவே 27 பைட்டு. னை என்பதில் ஐகாரக்குறி ஒன்று கூடுவதால் தென்னைமரம் 30 பைட்டு ஆகின்றது.

2. சி மொழியில் சரம் முடியும் இடம்

சி மொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. அதன் முன்னோடியான பி.சி.பி.எல். மொழியில் சரத்தின் நீளம் அதன் முதற்பைட்டில் எழுதப்பட்டிருந்தது. சி அம்முறையைக் கைக்கொள்ளவில்லை. சரம் எங்கே தொடங்குகின்றது என்பதற்கு ஒரு சுட்டு மட்டுமே இருக்கும். எங்கே முடிகின்றது என்பதை, இறுதியில் வைக்கப்படும் சுழியப் பைட்டு காட்டும். நீளத்தை அறிய வேண்டுமாயின் தொடக்கத்திலிருந்து சுழியம் வரை எண்ணிக்கொண்டே செல்ல வேண்டும். ஏட்டின் இறுதியில் முற்றும் என எழுதி நூலை முடித்த நம் மரபுக்கு இது அயலானதன்று. ஆனால் முற்றும் என்ற சொல்லுக்கும் ஏட்டில் இடம் வேண்டும் என்பதை எழுதுவோர் மறந்துவிடக் கூடாது.

பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர்ப்பெயர் உரோமன் எழுத்தில், இடைவெளி உட்பட, சரியாக 16 பைட்டு. ஒருவர் ஊர்ப்பெயருக்கு 16 இடம் போதும் என ஓர் அணியை ஒதுக்குவாராயின் பெயர் முழுதும் அதில் அடங்கிவிடும். சுழியம் பதினேழாம் இடத்தில் விழும். அவ்விடம் வேறொரு தரவுக்கு உரியது. அத்தரவு கெடலாம், அல்லது அத்தரவு பின்னர்ச் சுழியத்தை அழித்துவிட, ஊர்ப்பெயர் முடிவின்றி அடுத்த தரவோடு ஒட்டிக்கொள்ளலாம்.

2007இல் அவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என மாற்றப்பட்டது. உரோமன் எழுத்தில் இப்புதிய பெயர் 12 பைட்டு. பழைய பெயரின்மேல் புதிய பெயரின் 12 பைட்டுகளை மட்டும் எழுதிவிட்டு, சுழியத்தை எழுத மறந்தால் பழைய பெயரின் கடைசி நான்கு எழுத்துகள் அப்படியே எஞ்சும். படிப்போர்க்கு ஊர் பெஸ்தாரி ஜெயந்தாய் எனத் தோன்றும். தமிழில் எழுதினால் வேறு சிக்கல் எழுகின்றது. பத்தாங் பெர்ஜுந்தை 52 பைட்டு, பெஸ்தாரி ஜெயா 37 பைட்டு. உரோமன் எழுத்துக்கென ஒதுக்கிய 17 இடத்தில் இரண்டுமே அடங்கா.

சி மொழியுடன் வழங்கிய பழைய நூலகச் செயற்கூறுகளில் சில, இலக்கிடத்தின் அளவைக் கேட்பதே இல்லை. வரியொன்றைப் படித்துத் தரும் கெட்ஸ் என்னும் செயற்கூறு அவ்வகையின் தலையாய எடுத்துக்காட்டு. 1988 நவம்பர் 2ஆம் நாள் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு, வழிகளுள் ஒன்றாக இக்குறையைப் பயன்படுத்தியது. 512 பைட்டு இடத்துக்கு 536 பைட்டு அனுப்பி, மிகுந்த 24 பைட்டுகளால் கணினியின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. 2011இல் வெளிவந்த சி தரநிலையிலிருந்து கெட்ஸ் நீக்கப்பட்டது. இடத்தின் அளவை அறியாமல் எழுதுவது பிழை மட்டுமன்று, தீங்குக்கு வாயில் என்பதை உலகம் அன்று கற்றது.

3. வெட்டும் முறையும் அதன் மொழிவிளைவும்

அளவு மிகுந்தால் வெட்டிவிடுவோம் என்பது பலர் கண்ட தீர்வு. ஸ்டிர்-என்-காப்பி என்னும் செயற்கூறு கொடுத்த எண்ணிக்கை அளவே படியெடுக்கும். மூலச்சரம் அவ்வளவுக்குக் குறையாததாயின் இறுதியில் சுழியம் இடாது. சுழியத்தை நிரலர் தாமே இட்டுக்கொண்டாலும், ஆங்கிலத்தில் வெட்டுண்ட சொல் சுருங்கிய சொல்லாக நிற்கும். தமிழில் அவ்வாறு நிற்பதில்லை.

தென்னமரம் என்பதை 24 பைட்டில் வெட்டினால் இறுதிப் புள்ளி மட்டும் நீங்கும். தென்னமரம என நிற்கும். மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடுகின்றது. ஓலைச்சுவடி எழுதியோர் புள்ளியிடாமல் எழுதினர். எனினும் படிப்பவர் இடமறிந்து மெய்யாகப் படித்துக்கொண்டார். கணினி இடமறிந்து படிப்பதில்லை. அதற்கு இவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். அதே சொல்லை 20 பைட்டில் வெட்டினால் தென்னம என்பதோடு ரகரத்தின் முதல் இரண்டு பைட்டுகள் துண்டாக ஒட்டியிருக்கும். அத்துண்டு எந்த மொழியின் எழுத்துமன்று. திரையில் கட்டமோ வினாக்குறியோ தோன்றுவது இதனாலேயே.

ஆட்பெயர்களை நோக்குவோம். நம் நாட்டு வழக்கில் பெயரோடு தந்தை பெயரும் இணைந்தே முழுப்பெயராகின்றது. எடுத்துக்காட்டாக, முனியம்மா த/பெ இராமசாமி என்பதைக் கொள்வோம். முனியம்மா 27, த/பெ 10, இராமசாமி 24, இடைவெளிகள் 2. ஆக 63 பைட்டு. சுழியத்தோடு 64. கணினித் துறையில் 64 என்பது விரும்பி ஒதுக்கப்படும் அளவு; பேச்சு வழக்கிலான இப்பெயர் அதில் மயிரிழையில் அடங்கிவிடும். எழுத்து வழக்கின்படி முனியம்மாள் என்று எழுதினால் ஆறு பைட்டு கூடி 70 ஆகும். இறுதியிலுள்ள தந்தை பெயரே வெட்டுப்படும். உரோமன் எழுத்தில் இதே முழுப்பெயர் 21 பைட்டு மட்டுமே.

தோட்டங்களில் பிறந்தோர் பெயர்களை உரோமன் எழுத்தில் பதிந்தவர் கேட்டபடி பதிந்தனர். முனியம்மா என்னும் ஒரே பெயர் ஈற்றில் ஓர் எழுத்துக் கூடியும் குறைந்தும், மகரம் இரட்டித்தும் இரட்டியாமலும் பலவாறு காணப்படுகின்றது. தாய் மகள் உறவை ஆவணத்தால் மெய்ப்பிக்க வேண்டிய வேளையில் இவ்வேறுபாடுகள் தடையாகின்றன. இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டக்கூடிய வடிவம் தமிழ் எழுத்து வடிவமே. அது குறையாமல் பதியப்பட வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது அழகு கருதியன்று; ஆள் அடையாளம் கருதியே.

4. ஏழு பைட்டு இருபத்தேழு ஆன வரலாறு

தமிழ்க் கணிமை தொடங்கிய காலத்தில் இச்சிக்கல் இவ்வளவு பெரிதாக இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அக்காலத்திலும் அதனையடுத்தும் தமிழ் மென்பொருள்கள் ஓர் எழுத்துருவில் 256 இடங்களுக்குள் தமிழ் வரிவடிவங்களை அமைத்துக்கொண்டன. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர் மின்மடல்வழிக் கலந்துபேசித் திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன.

திஸ்கியில் புள்ளியிட்ட மெய்க்குத் தனியிடம் உண்டு. கொம்பு முன்னே தனியாக நிற்கும். அதன்படி தென்னமரம் ஏழு பைட்டு மட்டுமே. அதாவது எழுத்தெண்ணிக்கைக்கு மிக அணுக்கமானது. அந்நாளில் ஊர்ப்பெயருக்கு 20 இடம் ஒதுக்கிய நிரலர் தாராளமாகவே ஒதுக்கினார் எனலாம்.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடமிருந்தது. இந்திய அரசின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றி அவ்விடம் அமைக்கப்பட்டது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யூ.டி.எஃப்-8 முறையை வகுத்தனர். பல பைட்டு கொண்ட எழுத்துகளின் உள்ளே சுழியப் பைட்டு வாராதவாறு அவர்கள் அமைத்ததால் சி மொழியின் முடிவுக்குறி பழுதின்றி நின்றது. பழைய நிரல்கள் திருத்தமின்றி இயங்கின. இயங்கின என்பதே ஒருவகையில் தீங்காயிற்று. அதே 20 இடத்தில் இப்போது 27 பைட்டு வந்து மோதியது. குறியேற்றம் மாறியது; ஒதுக்கிய அளவு மாறவில்லை.

எழுத்தொன்றுக்கு ஓரிடம் என்னும் டேஸ்-16 குறியேற்றத்தைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. அதன்படி தென்னமரம் ஆறு குறி, 12 பைட்டு. இலக்கணத்துக்கு அது மிக இயைந்தது. எனினும் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்ததால் உலகக் கருவிகள் அதனைத் தமிழென அறிவதில்லை. ஆகவே நாம் வாழப்போவது மூன்று பைட்டுக் குறிகளோடுதான். குறியேற்றத்தைக் குறை கூறிக்கொண்டிருப்பதினும் இடம் ஒதுக்கும் முறையைத் திருத்துவதே செயற்படு வழி.

5. இடத்தைத் தாமே பெறும் செயற்கூறுகள்

அம்முறை புதியதன்று. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே மாலாக் என்னும் செயற்கூறு இருந்தது. நிரல் இயங்கும்போது இத்தனை பைட்டு வேண்டும் எனக் கேட்டால் அவ்வளவு இடத்தைத் தந்து, அதன் தொடக்கத்துக்குச் சுட்டு அளிக்கும். ரியாலாக் அவ்விடத்தை விரிக்கும். ஃப்ரீ அதனைத் திருப்பிக் கொடுக்கும். இம்மூன்றின்மேல் கட்டப்படுபவையே சரத் துணைச் செயற்கூறுகள்.

இவற்றுள் எளியது ஸ்டிர்டூப். அது முதலில் சரத்தை அளக்கும். அளவோடு ஒன்றைக் கூட்டி இடம் கேட்கும். கிடைத்ததா எனப் பார்க்கும். சுழியம் உட்படப் படியெடுத்துச் சுட்டைத் திருப்பித் தரும். தென்னமரம் வந்தால் 28 பைட்டு, தென்னைமரம் வந்தால் 31 பைட்டு. எவ்வளவு எனப் பயன்படுத்துவோர் முன்னறிந்து சொல்ல வேண்டியதில்லை. பல்லாண்டுகள் பல கணினிகளில் வழங்கிவந்த இச்செயற்கூறு, சி23 தரநிலையில்தான் முறைப்படி சி மொழியின் நூலகத்தில் இடம்பெற்றது.

இணைக்கும் செயற்கூறும் இவ்வகையினதே. பெயர், த/பெ, தந்தை பெயர் மூன்றையும் பெற்று, மூன்றின் அளவையும் இடைவெளிகளையும் கூட்டி, ஒரே முறை இடம் கேட்டு, வரிசையாக எழுதி முடிக்கும். முனியம்மாவுக்கு 64, முனியம்மாளுக்கு 70. வெட்டுக்கு இடமில்லை.

நீண்டுகொண்டே செல்லும் பட்டியலுக்கு மூன்றாவது வகை வேண்டும். தோட்டத்துக் கிராணி பெரட்டுக்கு வந்தோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் செக்ரோலில் எழுதியதுபோல, நிரல் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கின்றது எனக் கொள்வோம். ஒவ்வொரு பெயருக்கும் ஓரிடம் மட்டும் கூட்டிக் கேட்டு, ஒவ்வொரு முறையும் பழையவற்றைப் புதிய இடத்துக்கு மாற்ற நேருமாயின் 1,000 பெயர் எழுதி முடிப்பதற்குள் 499,500 முறை பெயரைப் படியெடுக்க வேண்டும். நிரம்பும்போதெல்லாம் இடத்தை இருமடங்காக்கினால் மொத்தம் 1,023 படியெடுப்புகளே போதும். ஜிலிப் நூலகத்தின் ஜி-ஸ்டிரிங் முதலியவை இவ்வாறே வளர்கின்றன. அவை சரத்தின் சுட்டு, இப்போதைய நீளம், ஒதுக்கிய கொள்ளளவு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள்கின்றன. சி கைவிட்ட பி.சி.பி.எல். முறை, நீளத்தை உடன் எழுதிவைக்கும் முறை, இவ்வகையில் மீண்டும் வந்திருக்கின்றது.

இச்செயற்கூறுகள் ஒரு கடமையையும் உடன் கொணர்கின்றன. இடத்தைப் பெற்றவர் யார், திருப்பிக் கொடுக்க வேண்டியவர் யார் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். எவரும் கொடாவிடில் நினைவகம் கசிந்து, நெடுநேரம் இயங்கும் நிரல் இடமின்றி நின்றுவிடும். இருவரும் கொடுத்தாலோ, கொடுத்தபின்னும் ஒருவர் பழைய சுட்டைப் பயன்படுத்தினாலோ தரவு சிதையும். தோட்டம் கைமாறிக் குடும்பங்கள் லயத்தை விட்டுப் பெயர்ந்த பின்னரும் பழைய லயத்து எண்ணுக்கே மடல் எழுதுவது போன்றது அது. மடல் போய்ச் சேரும் வீட்டில் வேறொருவர் இருப்பார்; அல்லது வீடே இராது. இருமடங்காக விரியும்போது சரம் இடம்பெயரக்கூடும் ஆதலால், பழைய சுட்டைப் பிறர் வைத்துக்கொள்ளலாகாது என்பதும் இவ்விதியில் அடங்கும்.

இடம் ஒதுக்குவதால் மட்டும் தீராத சிக்கல் ஒன்றும் உண்டு. கோல சிலாங்கூர் என்னும் பெயரின் முதலெழுத்தான கோ ஒருங்குறியில் இருவகையாக எழுதப்படலாம்: ககரத்தோடு ஓகாரக்குறி ஒன்றாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. முதல்வகையில் பெயர் 40 பைட்டு, இரண்டாம் வகையில் 43. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டு பைட்டாக ஒப்பிடும் செயற்கூற்றுக்கு இரண்டும் வேறு. ஒருவகையில் பதிந்த பெயரை மறுவகையில் தேடினால் அப்படியோர் ஊரே இல்லை என்னும் விடை வரும். ஆதலின் சரத்தைப் படியெடுக்குமுன் அதனை ஒரே வடிவத்துக்குக் கொணரும் இயல்பாக்கமும் துணைச் செயற்கூற்றின் பணியாதல் வேண்டும். இயல்பாக்கத்தில் நீளம் மாறும். நீளம் மாறுவதால் இடமும் புதிதாகக் கேட்கப்பட வேண்டும்.

6. மொழிக் கழகங்கள் செய்யத்தக்கன

வட சிலாங்கூரில் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்துப் பெயரைப் பள்ளியின் பெயரே பல இடங்களில் தாங்கி நிற்கின்றது. பள்ளிப் பதிவேடு, கோயில் வரவுசெலவு, நலச்சங்க உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைத் தமிழில் கணினியேற்றும் ஒவ்வொருவரும் மேற்கண்ட சிக்கல்களை எதிர்கொள்வர். அவர்கள் பயன்படுத்தும் நிரல் சி மொழியில் எழுதப்பட்டிராமலும் போகலாம். எனினும் அதன் அடித்தளத்திலுள்ள தரவுத்தளமும் எழுத்துரு வரையும் நூலகமும் பெரும்பாலும் சி மொழியிலோ அதன் வழிவந்த மொழியிலோ எழுதப்பட்டவையே.

நிரல் எழுதுவது மொழிக் கழகத்தின் பணியன்று. அளவையை வரையறுப்பது அதன் பணி. மூன்றினை நாம் முன்வைக்கின்றோம்.

ஒன்று, படிவங்களில் பெயருக்கு மேல்வரம்பு வைக்க நேர்ந்தால் அது தமிழ் எழுத்தெண்ணிக்கையில் கூறப்பட வேண்டும், பைட்டில் கூறப்படலாகாது. வெட்டியே ஆகவேண்டிய இடத்திலும் வெட்டு எழுத்தின் எல்லையில் விழ வேண்டும். புள்ளியும் உயிர்க்குறியும் தம் மெய்யை விட்டுப் பிரியலாகாது.

இரண்டு, ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களுக்கு எவ்வடிவம் பதிவுக்குரியது என்பதைக் கழகம் அறிவித்து, தேடுவதற்குமுன் அவ்வடிவத்துக்கு இயல்பாக்குமாறு கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று, நிரலர் பயன்படுத்துவதற்கென ஒரு சோதனைப் பட்டியலைக் கழகமே வெளியிட வேண்டும். கோல சிலாங்கூர் இருவடிவிலும், பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா, தென்னமரம், தென்னைமரம், முனியம்மா த/பெ இராமசாமி, முனியம்மாள் த/பெ இராமசாமி ஆகியவை அதில் இடம்பெறலாம். ஒவ்வொன்றுக்கும் நேரே எழுத்தெண்ணிக்கை, குறியெண் எண்ணிக்கை, பைட்டு எண்ணிக்கை மூன்றும் அச்சிடப்பட வேண்டும். புதிய நிரலொன்றை வாங்குமுன் பள்ளியோ கோயிலோ இவ்வெட்டுப் பெயர்களைப் பதிந்து, சேமித்து, தேடி, அச்சிட்டுப் பார்த்தால் போதும். எட்டும் எழுத்துக் குறையாமல் திரும்பி வந்தால் அந்நிரலைப் பயன்படுத்தலாம். ஒன்று குறைந்தாலும் நிரல் தந்தவரிடமே அதனைத் திருப்பி அனுப்பலாம்.